எதிரி போன பிறகு வந்த சிக்கல்: ‘திகோட்னிக் பொவ்ஷெக்னி’ வார இதழ் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கிறிஸ்தவப் பத்திரிகை நடத்துகிறவர்களிடம் எந்தக் காலம் மிகவும் கஷ்டமானது என்று கேட்டால், அரசு நெருக்கிய காலத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். தணிக்கை, தடை, காகிதத் தட்டுப்பாடு, கைது. போலந்தின் ‘திகோட்னிக் பொவ்ஷெக்னி’ என்ற கத்தோலிக்க வார இதழ் இவை அத்தனையையும் பார்த்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி தொடங்கியதிலிருந்து முடியும்வரை அது போராடி நின்றது. ஆனாலும் அதன் ஆசிரியர் குழுவை உண்மையில் திணறடித்தது 1989க்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகள்தான் என்பது என் முடிவு. சமூகம் தலைகீழாக மாறும்போது ஒரு கிறிஸ்தவ இதழின் ஆசிரியர் யாருக்காக எழுதுகிறார், யாரை இழக்கத் தயாராக இருக்கிறார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. சிறிய அளவில் நானும் ஒரு சபை இதழுக்குப் பிரதி திருத்துகிறவன் என்பதால், இந்தக் கதையை எட்ட நின்று படிக்க என்னால் முடியவில்லை.

முதல் இதழ் 1945 மார்ச் 24 அன்று கிராக்கோவ் நகரிலிருந்து வெளிவந்தது. ஜெர்மானியப் படை நகரத்தை விட்டுப் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. போர் இன்னும் முடியவில்லை. பேராயர் ஆதாம் சப்பியெகாவின் ஆதரவில் மறைமாவட்டமே அதைத் தொடங்கி வைத்தது. ஆசிரியராக அமர்ந்தவர் யெஷி துரோவிச், குருவானவர் அல்ல, பொதுநிலையினர், வயது 32. 1953 முதல் 1956 வரையிலான இடைவெளியைத் தவிர்த்தால், 1999 ஜனவரியில் இறக்கும் வரை அவர்தான் ஆசிரியர்.

மறைமாவட்ட வார இதழ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஞாயிறு மறையுரை, புனிதர் வரலாறு, ஆயரின் சுற்றுமடல், பங்குச் செய்திகள். திகோட்னிக்கின் பக்கங்கள் வேறு மாதிரி இருந்தன. இறையியலுக்குப் பக்கத்தில் கவிதை இருந்தது, இலக்கிய விமர்சனம் இருந்தது, பொருளாதாரமும் வெளிநாட்டு அரசியலும் இருந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அதில் எழுதினார்கள். 1949இல் பிரான்சின் தொழிலாளர் குருக்களைப் பற்றி, அதாவது தொழிலாளர்களோடு ஆலைகளில் வேலை பார்த்த குருக்களைப் பற்றி, ஓர் இளம் குருவானவர் எழுதிய கட்டுரை அதில் வந்தது. பிறகு அவருடைய கவிதைகள் ஆந்திரேய் யாவியேன் என்ற புனைபெயரில் வந்தன. கரோல் வொய்த்திவா என்ற அந்த இளைஞர்தான் 1978 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். இந்தத் தொடர்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே வலிக்கும் இடமாக மாறுகிறது.

ஒரு இரங்கல் செய்தி

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். நாட்டின் எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில் புகழாரம் அச்சிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. திகோட்னிக் மறுத்தது. இதழ் நின்றுபோனது.

இதை ஒரு வீரக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே கிராக்கோவ் மறைமாவட்ட அலுவலகத்தைச் சேர்ந்த குருக்கள் மீது உளவுக் குற்றம் சாட்டி, ஊரறியக் காட்டுவதற்காகவே ஒரு நாடக விசாரணை நடந்து முடிந்திருந்தது. இதழைக் காத்து நின்ற சப்பியெகா 1951இலேயே இறந்துவிட்டார். அதே 1953 செப்டம்பரில் போலந்துத் திருச்சபையின் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கியும் கைதானார். ஆக, கழுத்தில் கயிறு ஏற்கனவே விழுந்திருந்தது, இரங்கல் செய்தி அதை இறுக்கக் கிடைத்த ஒரு சாக்கு. துரோவிச்சும் குழுவினரும் அந்தப் புகழாரத்தை அச்சிட்டிருந்தால் இன்னும் சில மாதம் ஓட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் எதை எழுதினாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஜூலை மாதம் இதழின் பெயரை ‘பாக்ஸ்’ என்ற, அரசுக்கு இணக்கமான கத்தோலிக்க அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அதே பெயர், அதே எழுத்துரு, அதே பக்க அமைப்பு. கடையில் வாங்குகிறவருக்கு முதல் பார்வையில் வித்தியாசமே தெரியாது. உள்ளே இருந்த குரல் மட்டும் வேறு. பழைய எழுத்தாளர்கள் அதில் எழுத மறுத்தார்கள். 1956 அக்டோபரில் கொமுல்கா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராகி ஆட்சிக்கு வந்து பிடி கொஞ்சம் தளர்ந்த பிறகுதான், அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இதழ் பழைய குழுவிடம் திரும்பியது. ஆசிரியரையும் எழுத்தாளர்களையும் எடுத்துவிட்டால், பேரும் பக்க அமைப்பும் அப்படியே இருந்தாலும் இதழ் இருக்காது என்பதை வாசகர்கள் மூன்று வருடம் கண்கூடாகப் பார்த்தார்கள்.

அச்சுக்கு முன் ஒரு மேசை

திரும்பி வந்த பிறகும் ஒவ்வொரு பக்கமும் தணிக்கை அலுவலகத்தின் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. ப்ரூஃப் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதிகாரி படிப்பார், அடிப்பார், சில சமயம் முழுக் கட்டுரையையும் நிறுத்துவார். அடித்த இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டு அச்சிட முடியாது, ஏனென்றால் தணிக்கை நடந்தது என்பதே வாசகருக்குத் தெரியக் கூடாது. எடுத்த பத்தியின் இடத்தில் வேறு ஏதாவது வந்தாக வேண்டும், முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும், பக்கம் நிரம்ப வேண்டும், அதுவும் அச்சகம் காத்திருக்கும் நேரத்தில். பிரதி திருத்துகிற எவருக்கும் இது எவ்வளவு அவமானமான வேலை என்று புரியும். வெட்டியவர் அவர்கள், தையலை மறைக்க வேண்டியவர் நீங்கள்.

எதை அடிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு ரகசியக் குறிப்பேடு ஒன்று இருந்தது. கிராக்கோவ் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்த தொமாஷ் ஸ்ட்ஷிஷெவ்ஸ்கி என்பவர் 1977இல் அதன் பக்கங்களோடு சுவீடனுக்குத் தப்பிப் போனதால்தான் உலகம் அதைப் படிக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது காத்தின் காட்டில் போலந்து இராணுவ அதிகாரிகள் கொல்லப்பட்டதற்கு சோவியத் யூனியன் பொறுப்பு என்று சாட்டும் எந்த முயற்சியையும் அனுமதிக்கக் கூடாது என்பது அதிலிருந்த கட்டளைகளில் ஒன்று.

தணிக்கையைவிட நுட்பமான ஆயுதம் காகித ஒதுக்கீடு. எத்தனை பிரதி அச்சிடலாம் என்பதை அரசு முடிவு செய்தது. 1964இல் பண்பாட்டுக் கொள்கையையும் தணிக்கையையும் கண்டித்து 34 எழுத்தாளர்களும் அறிஞர்களும் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் துரோவிச்சும், இதழின் பத்தியாளர் ஸ்டெஃபான் கிஷெலெவ்ஸ்கியும் கையெழுத்திட்டார்கள். தண்டனையாக 40,000 பிரதி 30,000 ஆனது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அச்சிட்டதைவிடக் கேட்டவர்கள் எப்போதும் அதிகம். ஒரு பிரதி பல கை மாறியது. விற்குமா, விற்காதா என்று துரோவிச் முப்பது வருடம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. 1989இல் இந்தப் பழக்கமே ஊனமாகிவிட்டது.

தணிக்கையின் முகமூடி கொஞ்சம் விலகியது 1981இல். சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்க இயக்கத்தின் அழுத்தத்தில் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று புதிய தணிக்கைச் சட்டம் வந்தது. அடித்த இடத்தை அடையாளம் காட்டும் உரிமை அதில் கிடைத்தது. திகோட்னிக் அந்த உரிமையை விடாப்பிடியாகப் பயன்படுத்தியது. கட்டுரையின் நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் கோடுகள், அருகிலேயே சட்டத்தின் தேதியும் பிரிவு எண்ணும். டிசம்பர் 13இல் இராணுவச் சட்டம் வந்து இதழ் நிறுத்தப்பட்டு, 1982 மே மாதம் மீண்டும் வெளிவந்தபோதும் அந்தக் கோடுகள் தொடர்ந்தன. வாசகர்கள் அந்தக் கோடுகளையும் சேர்த்தே படித்தார்கள்.

1987: சொந்த வாசகரைக் காயப்படுத்துவது

அரசோடு மோதியதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 1987 ஜனவரி 11 தேதியிட்ட இதழ். யான் புவோன்ஸ்கி என்ற இலக்கிய விமர்சகர், ஏழைப் போலந்தியர் கெட்டோவை, அதாவது போரின்போது ஜெர்மானியர் யூதர்களை அடைத்து வைத்த பகுதியை, பார்க்கிறார்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். யூதர்களைக் கொன்றது ஜெர்மானியர்கள், அதில் சந்தேகமில்லை என்றார். ஆனால் தங்கள் கண் முன்னே அண்டை வீட்டார் அழிக்கப்பட்டபோது போதுமான அளவு எதிர்க்காத, கவலைப்படாத ஒரு குற்றம் நம்மிடம் உண்டு, அதை ஒப்புக்கொள்ளாமல் நாம் சுத்தமாக முடியாது என்றார்.

சூழ்நிலையைப் பாருங்கள். வாசகர்கள் போரில் குடும்பத்தை இழந்தவர்கள். யூதர்களை மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்களும் அவர்களில் உண்டு. நாற்பது வருடமாகத் தங்கள் தியாகத்தைப் பற்றிய உண்மையைப் பேசவே அரசு விடவில்லை என்ற கசப்பு வேறு. அந்த ஆட்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நம்பிப் படிக்கிற ஒரே பத்திரிகை, “நம் கையிலும் கறை இருக்கிறது” என்று சொல்கிறது. கடிதங்கள் குவிந்தன, பெரும்பாலும் கோபத்தோடு. கம்யூனிஸ்ட் சிறையில் கிடந்த மூத்த வழக்கறிஞர் விவாதிஸ்லாவ் சிவா-நொவிட்ஸ்கி கடுமையான மறுப்பு எழுதினார். அதையும் இதழ் அச்சிட்டது. ஏப்ரலில் துரோவிச் தன் பெயரிலேயே பதில் எழுதினார். கட்டுரையைக் கைவிடவில்லை, மறுத்தவர்களின் வேதனையையும் ஒதுக்கவில்லை.

ஒரு கிறிஸ்தவ இதழின் ஆசிரியர் செய்யக்கூடிய மிகக் கடினமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். எதிரியின் பாவத்தைப் பற்றி எழுதினால் வாசகரிடம் கைதட்டல் கிடைக்கும். தன் மக்களிடம் மனசாட்சி ஆய்வு கேட்பதற்குக் கிடைப்பது சந்தா ரத்துதான். “இப்போது நேரம் சரியில்லை, எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள்” என்ற வாதம் எல்லா ஆசிரியர் குழுவிலும் எழும். துரோவிச்சிடம் அந்த வாதம் எடுபடவில்லை.

சுதந்திரம்

1989 பிப்ரவரியில் அரசுக்கும் எதிர்த்தரப்புக்கும் வட்ட மேசைப் பேச்சுவார்த்தை, ஜூனில் தேர்தல், ஆகஸ்டில் கத்தோலிக்க மாத இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த ததேயுஷ் மசோவியெட்ஸ்கி பிரதமர். திகோட்னிக்கின் துணை ஆசிரியர் கிஷ்டோஃப் கொஸ்வொவ்ஸ்கி 1990இல் உள்துறை அமைச்சரே ஆனார். நேற்றுவரை தங்களைக் கண்காணித்த காவல் துறைக்கு இன்று அவர் தலைவர். 1990 ஏப்ரலில் தணிக்கை அலுவலகம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒரு பத்திரிகைக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

வாசகர்கள் குறையத் தொடங்கினார்கள். காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது எளிதானது. ‘கசெட்டா விபோர்ச்சா’ என்ற நாளிதழ் 1989 மே மாதம் வந்துவிட்டது. அதுவரை நாட்டில் ஓரளவு உண்மை பேசும் அச்சுப் பத்திரிகை வேண்டுமென்றால் திகோட்னிக்கிடம்தான் வர வேண்டும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அதனால் வந்தார்கள். இப்போது அவர்களுக்குத் தினமும் ஒரு தாள் கிடைத்தது. அவர்கள் வந்தது திருச்சபைக்காக அல்ல என்பது அப்போதுதான் எண்ணிக்கையில் தெரிந்தது.

இரண்டாவது, நண்பர்களே ஆட்சியில் இருந்தார்கள். 1990 குடியரசுத் தலைவர் தேர்தலில் சாலிடாரிட்டி தலைவர் வவென்சாவும் மசோவியெட்ஸ்கியும் எதிரெதிரே நின்றபோது இதழ் மசோவியெட்ஸ்கி பக்கம் நின்றது. அவர் முதல் சுற்றிலேயே மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வவென்சாவுக்கு வாக்களித்த கத்தோலிக்கர்கள் தங்கள் பத்திரிகை இனி தங்களுடையதல்ல என்று நினைத்ததில் வியப்பில்லை. நீண்ட நாள் பத்தியாளர் கிஷெலெவ்ஸ்கியும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் விலகிப் போனார். 1968இல் “மூடர்களின் சர்வாதிகாரம்” என்று அரசைச் சொல்லித் தெருவில் அடிவாங்கியவர் அவர், எழுதத் தடையும் அனுபவித்தவர். அப்படிப்பட்டவரோடு இதழுக்குப் பிணக்கு வந்தது தணிக்கை காலத்தில் அல்ல என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரே சுவரை முட்டிக்கொண்டிருந்தபோது தோளோடு தோள் நின்றவர்கள், சுவர் விழுந்ததும் வெவ்வேறு திசையில் போனார்கள்.

மூன்றாவதுதான் மிக ஆழமானது: திருச்சபையின் இடம். 1990இல் பள்ளிகளுக்கு மறைக்கல்வி திரும்பியது. 1992 இறுதியில் வந்த ஒலிபரப்புச் சட்டம் கிறிஸ்தவ மதிப்பீடுகளை மதிக்கச் சொன்னது. 1993இல் கருக்கலைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நம்பிக்கையைச் சட்டத்தால் காப்பாற்ற முடியுமா, ஆயர்கள் அரசியலில் இவ்வளவு குரல் கொடுக்கலாமா என்றெல்லாம் திகோட்னிக் வெளிப்படையாகக் கேட்டது. கம்யூனிஸ்ட் காலத்தில் அந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது. கேட்டிருந்தால் அரசுக்கு உதவியதாக ஆகியிருக்கும்.

1995 ஏப்ரலில், இதழின் ஐம்பதாம் ஆண்டையொட்டி இரண்டாம் ஜான் பால் துரோவிச்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். நன்றியும் அன்பும் இருந்தன. கூடவே ஒரு வேதனையும் இருந்தது. 1989க்குப் பிறகு மதச்சார்பற்ற இடதுசாரிகளும் தாராளவாதக் குழுக்களும் திருச்சபையைத் தாக்கினார்கள், அந்தத் தாக்கம் திகோட்னிக்கிலும் உணரப்பட்டது, அந்தக் கடினமான நேரத்தில் திருச்சபைக்கு அங்கே எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை, அது போதுமான அளவு நேசிக்கப்பட்டதாக உணரவில்லை என்றார் அவர். அரசின் எந்தத் தணிக்கையாளரும் கொடுக்க முடியாத அடி இது. எழுதியவர் இவர்களுடைய பழைய எழுத்தாளர், நண்பர், திருத்தந்தை. அந்தக் கடிதத்தையும் இதழ் தன் பக்கங்களிலேயே வெளியிட்டது.

திருத்தந்தை சொன்னது நியாயமா? பாதி நியாயம் என்பது என் கருத்து. 1993இல் போலந்துத் திருச்சபைக்குப் பேச இடம் இல்லாமல் இல்லை: பிரசங்க மேடைகள், தொலைக்காட்சி, நாடாளுமன்றத்தில் நண்பர்கள். இல்லாதிருந்தது, நம்பிக்கையுள்ளவர்கள் தங்களுக்குள் கருத்து வேறுபட ஓர் இடம். அதைத் திகோட்னிக் கொடுத்தது. அந்த வகையில் ஆசிரியர் குழு சரியாகவே செய்தது. ஆனால் நேசிப்பு என்று அவர் குறிப்பிட்டதில் வேறொன்றும் இருக்கிறது. சட்டம், பன்மைத்தன்மை, ஐரோப்பா என்று கிராக்கோவின் படித்தவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, சிறு நகரங்களில் ஆலைகள் மூடின, அரசுப் பண்ணைகள் கலைந்தன. 1993 இறுதியில் வேலையில்லாதவர்கள் 16 சதவீதத்தைத் தாண்டினார்கள். அந்தப் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது இதழின் நண்பர்கள் நடத்திய அரசு. அந்தக் குடும்பங்களும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போனவர்கள்தான்.

அவர்களிடம் போனது வேறொருவர். 1991 டிசம்பரில் தோருன் நகரில் ததேயுஷ் ரிட்ஸிக் என்ற துறவி போலந்தின் ‘ரேடியோ மரியா’வைத் தொடங்கினார். செபமாலை, பக்திப் பாடல், நள்ளிரவு தாண்டியும் நீளும் தொலைபேசி உரையாடல். அந்த வானொலியில் ஒலித்த பல கருத்துகளை, குறிப்பாக யூத வெறுப்பு சார்ந்தவற்றை, என்னால் ஏற்க முடியாது. ஆனால் கணவர் இறந்து, பென்ஷன் சுருங்கி, பிள்ளைகள் வெளியூர் போய்த் தனியாக இருந்த ஒரு பாட்டி தொலைபேசியைச் சுழற்றினால் அங்கே அவர் பெயர் சொல்லி யாரோ பேசினார்கள். திகோட்னிக் அந்தப் பாட்டியைப் பற்றி நல்ல கட்டுரை எழுதக்கூடிய இதழ். அவர் எழுதி அனுப்பினால் அச்சேற இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. சமூகம் வேகமாக மாறும்போது இதழ் தன் வாசகர்களின் புத்தியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால், பயத்தோடு இருப்பவர்களை வேறு யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். திகோட்னிக்கின் மிகப் பெரிய தோல்வி இது என்று எனக்குத் தோன்றுகிறது. திருத்தந்தையின் கடிதம் கூட இதை நேரடியாகச் சொல்லவில்லை.

துரோவிச்சுக்குப் பிறகு

1999இல் பொறுப்பேற்றவர் ஆதாம் பொனியெட்ஸ்கி, மரியன் சபைக் குருவானவர். வத்திக்கான் நாளிதழின் போலிஷ் பதிப்பை நடத்தியவர். பொதுநிலையினர் நடத்திய இதழைக் குருவானவர் ஏற்றதால் மேலிடத்தோடு உறவு சீராகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் எடுத்ததும் துரோவிச்சின் வழியைத்தான். 2011இல் ஆசிரியர் பொறுப்பைப் பியோத்தர் முகார்ஸ்கி என்ற பொதுநிலையினரிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு நவம்பரில், நாடாளுமன்ற மண்டபத்தில் தொங்கும் சிலுவை போன்ற விவகாரங்களில் தொலைக்காட்சியில் அவர் பேசியதைத் தொடர்ந்து, அவருடைய துறவற சபையின் மாகாணத் தலைவர் அவர் ஊடகங்களில் பேசத் தடை விதித்தார். விதிவிலக்கு ஒன்று மட்டும்: திகோட்னிக்கில் எழுதலாம். 2017 ஜூலையில் தடை நீங்கியது, நவம்பரில் திரும்ப வந்தது.

கம்யூனிஸ்ட் அரசின் தணிக்கையாளர் அடித்தால் அடைப்புக்குறிக்குள் கோடு போட்டுக் காட்டலாம், வாசகர் கோபம் அரசு மீது போகும். கீழ்ப்படிதல் வாக்குறுதி கொடுத்த ஒரு குருவானவரைத் தன் சபையே வாயடைக்கும்போது அப்படிக் கோடு போட முடியாது. பொனியெட்ஸ்கி தடையை ஏற்றார், அனுமதித்த இடத்தில் தொடர்ந்து எழுதினார். சிலர் அவரைக் கோழை என்றார்கள், சிலர் அடங்காதவர் என்றார்கள். அவர் இரண்டுமல்ல என்று நினைக்கிறேன். சபைக்கு உள்ளே நின்றுகொண்டே பேச விரும்புகிறவருக்கு வேறு வழி இல்லை.

இதற்கிடையே கீழே தரையே நகர்ந்துகொண்டிருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிவு செய்தவர்கள் சுமார் 87.6 சதவீதம். 2021இல் அது 71.3 சதவீதம். இரண்டாவது கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், பத்து வருடத்தில் இது பெரிய சரிவு. இடையில் குருக்களின் பாலியல் குற்றங்கள் அம்பலமாயின, 2020 அக்டோபரில் கருக்கலைப்பை மேலும் கட்டுப்படுத்திய அரசியலமைப்புத் தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிராக லட்சக்கணக்கில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

துரோவிச்சின் காலத்தில் வாசகரின் நம்பிக்கை தானாகவே இருந்தது. அவர் செய்ய வேண்டியது அதை யோசிக்க வைப்பது. இன்று அதே இதழைத் திருத்துகிறவர் முன்னால் மூன்று விதமான ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் திருச்சபையைக் காப்பாற்ற இதழ் போதுமான அளவு பேசவில்லை என்று சந்தாவை நிறுத்துகிறவர். இன்னொருவர் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக இன்னும் ஏன் உரக்கப் பேசவில்லை என்று கேட்கிறவர். மூன்றாமவர் கோவிலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியும் இந்த இதழை மட்டும் நிறுத்தாதவர். ஒரே கட்டுரையை மூவரும் படிப்பார்கள். ஆயரின் பெயர் தலைப்பில் வரலாமா, குற்றச்சாட்டு எந்தப் பத்தியில் வர வேண்டும், பாதிக்கப்பட்டவரின் சொற்களை எவ்வளவு நீளத்துக்கு விடலாம் என்று ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவில் மூன்றாமவரை மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. 1991இல் அந்தப் பாட்டியை மறந்தது போல இப்போது இவரையும் மறந்தால், போய்ச் சேர அவருக்கு ஒரு வானொலி கூட இருக்காது.